மருமகனை ஒத்துக்கொள்ளாத காம்பவுண்டு

பங்குனி மாதத்து மத்தியானம் ஒன்றில், ஆண்கள் வேலைக்குப் போய், பெண்கள் சாப்பிட்ட கையோடு கண்ணயர்ந்திருந்த நேரம் பார்த்து, எங்கள் காம்பவுண்டின் தண்ணீர் மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போக வந்த ஒருவனை எங்கள் சுவர்களே பிடித்துக் கொடுத்தன. அவன் மோட்டாரில் ஸ்பேனரை வைத்ததும் அவன் நின்ற இடத்துச் சிமெண்டுத் தரை சிவந்து, சூடேறி, பணியாரம் போல உப்பி, கணுக்காலைக் கவ்விக்கொண்டது. அவன் காலை உருவப் பார்த்தபோது சுற்றுச்சுவர்களிலிருந்து பழைய வெள்ளைப் பொருக்கு உதிர ஆரம்பித்தது. உதிர்ந்த பொருக்கு கீழே கிடக்காமல், காற்றும் இல்லாமல், தரையோடு தரையாக நகர்ந்து வந்து, வெல்லக்கட்டியை எறும்பு மொய்ப்பதுபோல அவனை மொய்த்து, மூடி, கொழகொழவென்று குழைந்து, அப்படியே நகர்த்திக்கொண்டு போய் கேட்டுக்கு வெளியே தள்ளிவிட்டது. நாங்கள் சத்தம் கேட்டு வெளியே வந்தபோது, தலையிலிருந்து கால்வரை வெள்ளையடித்த ஆள் ஒருவன் தெருவில் உட்கார்ந்து தும்மிக்கொண்டிருந்தான். பெண்கள் அவனைப் பார்த்தார்கள், தரையைப் பார்த்தார்கள், இதை யார் கூட்டிப் பெருக்குவது என்று பேச்சு வந்தது, அவரவர் வாசலுக்கு நேராகக் கிடப்பதை அவரவர் பெருக்குவது என்று முடிவானது.

எங்கள் காம்பவுண்டு மதுரையில் சிம்மக்கல்லுக்குப் பின்னால் இருக்கிறது. எதிரெதிராக இரண்டு வரிசை வீடுகள், நடுவில் முற்றம், எல்லோருக்கும் ஒரே குழாய், எல்லோருக்கும் ஒரே கேட். நான் வாழைக்காய் மண்டியில் தார் சுமந்து கழுத்துத் தேய்ந்து, இப்போது வீட்டோடு இருப்பவன், பெயர் மாயழகு. பொருக்கு ஏன் உதிர்ந்தது என்று கேட்டால், காம்பவுண்டுச் சங்கச் செயலாளர் சங்கரபாண்டி பல வருடமாகச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கவில்லை, அதுதான் காரணம் என்பேன். குழாயடியில் பத்துப் பேர் முன்னால் என்னைப் பார்த்து வரிசையில் நிற்கச் சொன்ன ஆள் அவர், அவர் செய்த எந்த வேலைதான் உருப்பட்டது. அதற்கு மேல் காரணத்தை யாரும் தோண்டவில்லை.

கொஞ்சம் விவரம் சொன்னது ஜெசிந்தாதான். அவள் எதிர் வரிசையில் கடைசி வீட்டுப் பெண், ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துச் சோதிக்கிற வேலை. சாயங்காலம் வந்தவள் சுவரைத் தொட்டுப் பார்த்தாள், விரிசல் ஒன்றில் தெர்மாமீட்டரைச் செருகி வைத்து நிதானமாக எடுத்துப் படித்தாள்.

"காய்ச்சல் அடிக்குது பெரியப்பா. நல்லதுக்குத்தான் அடிக்குது, யாரும் தண்ணியடிச்சுக் குளிர வச்சிராதீங்க."

மனுஷ உடம்புக்குள்ளும் இப்படித்தான் வெள்ளையாகக் காவல்காரர்கள் திரிகிறார்கள் என்றாள். வேற்று ஆள் நுழைந்தால் முதலில் முரட்டுக் கூட்டம் ஒன்று யார் எவர் என்று பார்க்காமல் பாய்ந்து விழும், அதனால்தான் வீக்கமும் சிவப்பும் சூடும். அதற்குப் பின்னால் நிதானமான கூட்டம் ஒன்று வரும், அது வந்தவனைத் தொட்டு முகர்ந்து அடையாளம் வைத்துக்கொள்ளும், அடுத்த முறை அவனோ அவன் ஜாடையில் ஒருவனோ வந்தால் வாசலிலேயே முடித்துவிடும். அம்மை ஒரு முறை போட்டவனுக்கு மறுமுறை போடாமல் இருப்பது அதனால்தான் என்றாள். எனக்கு அந்த இரண்டாவது கூட்டத்தை ரொம்பப் பிடித்துப்போனது. மறக்காமல் இருப்பவர்களைப் பார்ப்பதே இந்தக் காலத்தில் அபூர்வம்.

அவள் சொன்னபடியே நடந்தது. கேட்டை ஒட்டி உள்பக்கம் பழைய ஆட்டுரல் ஒன்று கிடக்கிறது, யாரும் மாவாட்டுவதில்லை. திருடன் விட்டுப்போன ஒற்றைச் செருப்பை யாரோ அதன் குழியில் எறிந்திருந்தார்கள். பொருக்குகள் அங்கே கூடிக் கூடிச் செருப்பை முகர்ந்துவிட்டுக் கலைந்தன. சில நாள் கழித்து அந்தத் திருடனின் தம்பி, அதே மூக்கு, அதே வியர்வை, தேங்காய் உரிக்க வந்த ஆள்போல வந்து கேட்டில் கையை வைத்தான், வைத்த கையோடு தெருவின் அந்தப் பக்கம் போய் விழுந்தான்.

அன்றைக்கு எங்கள் ஆட்களுக்கு ஒரு விஷயம் விளங்கிவிட்டது. உள்ளே வரக்கூடாத ஆள் யாரோ அவருடைய சாமான் ஒன்றை ஆட்டுரலில் வைத்துவிட்டால் போதும், காம்பவுண்டு படித்துக்கொள்ளும். இதைத்தான் ஆஸ்பத்திரியில் ஊசியாகப் போடுகிறோம், எதிரியில் ஒரு துளியை முன்னாடியே காட்டி வைப்பது என்று ஜெசிந்தா வாய்விட்டுச் சொன்னாள், சொல்லியிருக்கக் கூடாது. மறுநாளிலிருந்து ஆட்டுரலுக்கு முன்னால் கூட்டம். நாத்தனாரின் கொண்டை ஊசி வந்தது. இன்சூரன்ஸ் பிடிக்கிறவரின் பேனா மூடி வந்தது. சீட்டாடக் கூப்பிட வருகிற சேக்காளியின் பீடிக்கட்டை ஒருத்தி கொண்டுவந்து வைத்தாள். மாமியாரின் பொடிமட்டையை ஒரு மருமகளும், அதே மருமகளின் அம்மாவுடைய மூக்குக்கண்ணாடி உறையை அந்த மாமியாரும், ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒரே காலையில் வைத்துவிட்டுப் போனார்கள். சங்கரபாண்டி தலையிட்டு, காலையில் பெண்கள், மாலையில் ஆண்கள் என்று முறை வைத்தார். வைக்கிறவர்கள் மனதாரத் திட்டிக்கொண்டே வைத்தால் பொருக்கு சீக்கிரம் கூடுகிறது என்பதையும் எல்லோரும் கண்டுகொண்டார்கள். எவ்வளவு கோபமோ அவ்வளவு வேகம்.

நானும் வைத்தேன். என் மருமகன் இளங்குமரனின் துண்டை வைத்தேன்.

இளங்குமரன் திருமங்கலத்தில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறான். என் ஒரே மகள் சௌந்தரியின் கல்யாணத்துக்கு நானே மண்டியில் நின்று, பூவும் தாருமாகச் சரிந்து நிற்கிற இரண்டு வாழைமரங்களைப் பார்த்துப் பார்த்து எடுத்து, என் தோளிலேயே தூக்கிவந்து மண்டப வாசலில் கட்டினேன். அவன் வந்து பார்த்தான். "போட்டோல இருட்டா விழும் மாமா" என்று சொல்லி அவிழ்க்கச் சொல்லிவிட்டு, பிளாஸ்டிக்கில் இலை வைத்த பச்சைத் தோரணம் ஒன்றைக் கட்டினான். என் மரம் இரண்டும் சமையல்கட்டுக்குப் பின்னால், எச்சில் இலைத் தொட்டிக்குப் பக்கத்தில் சாய்ந்து கிடந்தன, அதை மாடு தின்றது, நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்குப் பிறகு தலைத் தீபாவளிக்கு ஒரு முறை வந்தார்கள், நான் மண்டிக்குப் போய்விட்டேன். அப்போது கொடியில் மறந்துவிட்டுப் போன துண்டுதான் இது. என் வீட்டுக்காரி பொன்னுத்தாய் ரேஷன் கடைக்குப் போன நேரத்தில் அதை எடுத்துப்போய் ஆட்டுரலில் போட்டு, வாழைமரக் கதையை ஆரம்பம் முதல் மாடு தின்றது வரைக்கும் சொல்லி முடித்தேன். அவ்வளவு பொருக்கு ஒரே இடத்தில் கூடி அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. அன்று ராத்திரி நல்ல தூக்கம்.

பிறகு காம்பவுண்டுக்குக் கொஞ்சம் தலை கிறுகிறுத்தது. யாரைப் பார்த்தாலும் சந்தேகம். மரிக்கொழுந்து விற்கிற அம்மாள் கேட்டுக்கு வெளியே நின்று குரல் கொடுத்தாலே முற்றம் முழுக்க அரிப்பெடுத்து, ஓடுகள் நடுங்கி, காம்பவுண்டு மொத்தமாகத் தும்மியது. துணி காய்கிற கொடி அறுந்து எல்லோர் வீட்டு உள்பாவாடையும் சங்கரபாண்டி வீட்டு வாசலில் போய் விழுந்தது. நிலக்கடலை வறுத்தால் தரை வீங்கியது. பூனைக்குட்டி ஒன்றுக்காக மூன்று வீட்டுச் சுவர் தடித்துப்போனது. ஒன்றும் செய்யாதவனையும் எதிரி என்று எண்ணிக்கொள்வது, இதற்கு மூக்கால் ஒழுகி அழுகிறவர்கள் ஆஸ்பத்திரியில் ஏராளம் என்றாள் ஜெசிந்தா. நாங்கள் நிலக்கடலையை அவித்துத் தின்னப் பழகிக்கொண்டோம், பூக்காரம்மாளைத் தெருமுனையிலேயே நிற்கச் சொன்னோம், மற்றபடி ஒரு குறையும் இல்லை.

குறை வந்தது சௌந்தரி வந்தபோதுதான். அவளுக்கு ஏழாம் மாதம். வளைகாப்பு முடித்து, தலைப்பிள்ளைக்குத் தாய்வீட்டுக்குக் கூட்டிவர வேண்டும். நான் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டதால் பொன்னுத்தாய் தானே போய் வளையல் அடுக்கி, மகளை ஆட்டோவில் உட்காரவைத்து, மருமகன் பைக்கில் பின்னால் வர, நல்ல நேரம் பார்த்துக் கேட்டுக்கு முன்னால் வந்து இறங்கினாள். ஆரத்தித் தட்டோடு பெண்கள் நின்றார்கள். இளங்குமரன் பைக்கை விட்டு இறங்கிக் கேட்டைத் தொட்டதும் முற்றம் முழுவதும் அடுப்புக்கல் போலச் சிவந்தது. ஒரு மூச்சு விடுவதற்குள் அவனைத் தூக்கி எதிர்ச் சாரி டீக்கடைப் பாய்லருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டது. அதோடு நிற்கவில்லை. சௌந்தரி வலது காலை எடுத்து வைத்தாள். தரை உப்பி அவள் காலையும் வெளியே தள்ளியது. பிறந்து வளர்ந்த பெண். அந்த முற்றத்தில் தவழ்ந்த பெண். பொருக்குகள் அவள் வயிற்றுக்கு நேராக நின்று முகர்ந்து முகர்ந்து பார்த்து வழியை மறித்தன.

பொன்னுத்தாய் ஆரத்தித் தட்டை வாங்கிக் கீழே வைத்தாள். ஆட்டுரலுக்குள் எட்டிப் பார்த்தாள். துண்டை வெளியே எடுத்து விரித்துப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். துண்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அவள் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

மகளும் மருமகனும் எதிர் டீக்கடை மாடியில் ஓர் அறை எடுத்துத் தங்கினார்கள். கேட்டுக்கு வெளியே மகள், உள்ளே தாய். கஞ்சியும் கீரையும் கம்பி இடுக்கு வழியாகப் போயின. திருமங்கலத்தில் மாமியார் கிடையாது, பார்த்துக்கொள்ள வேறு பெண் கிடையாது, மாடிப்படியோ செங்குத்து, அவள் வயிறோ நாளுக்கு நாள் பெருக்கிறது. பிள்ளை பிறப்பதற்குள் அவளை வீட்டுக்குள் கொண்டுவந்தாக வேண்டும். காம்பவுண்டு முழுக்க அதே பேச்சு.

முதல் யோசனை சங்கரபாண்டியுடையது. கசகசாவைப் பாலில் அரைத்துக் கேட்டடியில் ஊற்றினால் காம்பவுண்டு மயங்கிக் கிடக்கும், அந்த நேரத்தில் உள்ளே கூட்டிவந்துவிடலாம் என்றார். ஜெசிந்தா வேண்டாம் என்றாள், யார் கேட்டார்கள். குடம் குடமாக ஊற்றினார்கள். சுவர்கள் பெருமூச்சு விட்டன, சூடு இறங்கியது, சௌந்தரியும் இளங்குமரனும் அதுபாட்டுக்கு நடந்து வந்து எங்கள் வீட்டில் உட்கார்ந்தார்கள். அவர்களுக்குப் பின்னாலேயே மற்றவர்களும் வந்தார்கள். இன்சூரன்ஸ்காரர் வந்தார். நாத்தனார் பெட்டியோடு வந்தாள். தெருநாய்கள் குடும்பத்தோடு வந்தன. முன்பு தும்மிக்கொண்டு போன திருடன் தம்பியோடு நிதானமாக வந்து, ஸ்பேனர் இல்லையென்று எங்களிடமே இரவல் கேட்டு, மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போனான். சுவரெல்லாம் பூசணம் பச்சையாகப் படர்ந்தது, பெருச்சாளி ஒன்று முற்றத்து நடுவில் படுத்து வயிற்றைச் சொறிந்தது.

"காவலை மொத்தமா தூங்க வச்சா இப்படித்தான். சில நோயாளிக்கு வேற வழியில்லாம நாங்களும் மருந்து கொடுத்து அடக்கத்தான் செய்வோம், ஆனா அளந்து கொடுப்போம், குடத்துல ஊத்த மாட்டோம். பிள்ளைத்தாச்சி இந்தப் பூசணத்துல இருக்கக் கூடாது. கூட்டிட்டுப் போங்க" என்றாள் ஜெசிந்தா.

திரும்பவும் டீக்கடை மாடி. பால் வற்றியதும் காம்பவுண்டு முன்னைவிட மூர்க்கமாக விழித்துக்கொண்டது. நாத்தனார் வெளியே போன வேகத்தில் அவள் பெட்டி பின்னால் தனியாகப் போனது.

அடுத்து ஜெசிந்தா தன் வழியைச் சொன்னாள். ஒத்துக்கொள்ளாத சாமானைத் தூசியளவு தூசியளவாகக் காட்டிப் பழக்க வேண்டும். முதலில் மருமகனின் சட்டை நூல் ஒன்று, பிறகு பொத்தான், பிறகு கர்ச்சீப்பு, இப்படி. ஆனால் கோபமில்லாமல் காட்ட வேண்டும். வைக்கிறவன் பதறினால் காவல்காரனும் பதறுவான். விரட்டுவதற்கு யார் பழக்கிவிட்டாரோ அவர் கையால்தான் வைக்க வேண்டும் என்றும் சொன்னாள், எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் நூலை வாங்கினேன். கோபம் இல்லையென்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். ஆட்டுரலுக்கு மேல் குனிந்து நூலை விடுகிற நேரத்தில் அந்த மாடு ஞாபகம் வந்தது, தார்ப்பூவைக் கடைவாயில் போட்டு அது மென்ற அழகு ஞாபகம் வந்தது. நூல் குழியில் விழுந்ததும் பொருக்கு அலை அலையாகக் கிளம்பி வந்தது, நூலைத் தாண்டி வந்தது, என் கையில் ஏறியது, முழங்கை, தோள், காது. நாற்பது வருடம் தார் சுமந்த என்னை ஒரு பழைய பாய் மாதிரி சுருட்டிக் கேட்டுக்கு வெளியே எறிந்தது. எழுந்து உள்ளே போனேன், திரும்ப எறிந்தது. என் வீட்டுக் கதவுக் கீல்கள் வீங்கிப்போய்க் கதவு லேசில் திறக்கவில்லை என்று பொன்னுத்தாய் உள்ளேயிருந்து சொன்னாள். என் கட்டில்மேல் இருந்த சுவர் செதில் செதிலாக உரிந்துபோனது. என் நாற்காலியை முற்றத்தில் வைத்துப் பொருக்கு மொய்த்துக்கொண்டிருந்தது.

"அந்தத் துண்டுல மருமகன் மட்டும் துவட்டல பெரியப்பா. சௌந்தரியும் தலை துவட்டியிருக்கா. அவ வாசனையில பாதி உங்க வாசனைதானே. ஜாடை ஒண்ணா இருக்கவும் காவலுக்குக் குழம்பிப் போச்சு. வெளியாளை அடிக்கக் கத்துக்கிட்டு, இப்ப வீட்டாளையும் அடிக்குது. உடம்புலயும் இது உண்டு. கைகால் மூட்டை அடிக்கும், தோலை அடிக்கும். வெளியாள்னா விரட்டிவிட்டா முடிஞ்சுரும். சொந்த ஆளை எங்க விரட்ட? அதனால அடிச்சுக்கிட்டே இருக்கும்."

ஜெசிந்தா கேட்டுக் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னாள், நான் இந்தப் பக்கம் நின்று கேட்டேன். சங்கரபாண்டி எனக்காக வருத்தப்படுகிற முகத்தோடு நின்றார். அந்த முகத்தையும் நான் குறித்து வைத்துக்கொண்டேன்.

இப்படியாக நானும் டீக்கடைக்கு வந்து சேர்ந்தேன். படுக்கை மண்டியில், பகல் முழுக்க டீக்கடைப் பெஞ்சில். அதே பெஞ்சில் மறுமுனையில் இளங்குமரன். அவன் என்னைப் பார்த்து "வாங்க மாமா" என்றான், நான் பாய்லரைப் பார்த்தேன். எங்களுக்கு நடுவில் சௌந்தரி, காலை நீட்டி, முதுகுக்குத் தலையணை வைத்து, மாங்காய் கடித்துக்கொண்டு. மூன்று வருடத்தில் நான் அவளோடு அவ்வளவு நேரம் உட்கார்ந்தது அங்கேதான்.

ஒரு காலையில் அவள் எழுந்து சாக்கடை ஓரமாகப் போய் வாந்தி எடுத்தாள். வாயைக் கழுவினாள், வந்து உட்கார்ந்தாள், விட்ட இட்லியை எடுத்துத் தின்ன ஆரம்பித்தாள். இந்த மாசத்திலும் உனக்கு வாந்தியா என்று கேட்டேன். எனக்கு நிற்கவே இல்லை அப்பா என்றாள். பிறகு நான் இத்தனை நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன். அவள் வயிற்றில் இருப்பது பாதி அந்தப் பயல். என் காம்பவுண்டு அவன் நூலையே தாங்கவில்லை. அவள் உடம்பு எப்படித் தாங்குகிறது, அதற்கு அவள் என்ன செய்கிறாள்?

"நான் ஒண்ணும் செய்யலப்பா. குமட்டும். வாந்தி எடுப்பேன். வாயைக் கழுவிட்டுத் திரும்பச் சாப்பிடுவேன்."

"கோபம் வராதா?"

"யாரு மேல? அவர் மேலயா? தினம் வரும். அதுக்காகப் பிள்ளையத் தள்ள முடியுமா? நீங்க கோபத்தை விடணும்னு நினைச்சா இந்த ஜென்மத்துல நான் வீட்டுக்குள்ள போக மாட்டேன். கோபப்பட்டுக்கிட்டே வைங்க. ஆனா தினம் வைங்க."

ஜெசிந்தாவிடம் கேட்டதற்கு, அப்படி ஒரு வைத்தியம் புத்தகத்தில் இருக்கிறதா என்று தெரியாது, ஆனால் வயிற்றுக்குள் பிள்ளைக்கும் தாய்க்கும் நடுவில் நஞ்சு என்கிற சதை ஒன்று இருக்கிறது, அது கேட் மாதிரி நின்று காவல்காரர்களிடம் பொறு பொறு என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருக்கும், அந்த வேலையை இங்கே நீங்கள் செய்து பாருங்கள் என்றாள்.

மறுநாள் காலையில் கேட்டின் கீழ்க்கட்டையில் உட்கார்ந்தேன். உடம்பு முழுவதும் தெருவில். ஆட்டுரலை எட்டுவதற்காக வலது காலையும் வலது கையையும் மட்டும் உள்ளே நீட்டிக்கொண்டேன். நூலை வைத்தேன். வைத்துவிட்டு, அடக்கிப் பார்ப்பதில் பிரயோஜனம் இல்லையென்று தெரிந்துவிட்டதால், வாழைமரக் கதையை வாய்விட்டு ஆரம்பம் முதல் சொன்னேன். பொருக்கு கொதித்து வந்து கால் முழுக்க ஏறியது, தடித்தது, அரித்தது, நெருப்பாய் எரிந்தது. சொறிந்துகொண்டே சொல்லி முடித்து, நூலை எடுத்துக்கொண்டு போய் டீ குடித்தேன். அடுத்த நாளும் சொன்னேன். அதற்கடுத்த நாளும் சொன்னேன். மரம் எடுத்த மண்டி, தூக்கி வந்த தோள், பூவின் நிறம், அவன் சொன்ன வார்த்தை, பிளாஸ்டிக் இலை, எச்சில் தொட்டி, மாடு. ஒன்றையும் விடவில்லை, ஒன்றையும் கூட்டவில்லை. நூல் போய் பொத்தான் வந்தது, பொத்தான் போய் கர்ச்சீப்பு வந்தது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் எனக்கு முன்னால் அடுத்த வரியைச் சொல்லிக்கொண்டு கேட்டைத் தாண்டின. குழாயடியில் பெண்கள், மாமா இப்பத்தான் சமையல்கட்டுக்கு வந்திருக்காரு, மாடு வர நேரமாகும், அதுக்குள்ள ஒரு குடம் பிடிச்சுக்க என்று பேசிக்கொண்டார்கள். சங்கரபாண்டி வேறு கதை இருந்தால் சொல்லச் சொல்லி ஆள் அனுப்பினார்.

காம்பவுண்டுக்கும் அலுத்துப்போனது. முதலில் அலையாக வந்த பொருக்கு பிறகு வரிசையாக வந்தது, பிறகு கோணல்மாணலாக வந்தது, பிறகு மாடு வருகிற இடத்துக்கு மட்டும் வந்தது. ஒரு நாள் நான் பிளாஸ்டிக் இலையைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது சுவர் கொட்டாவி விட்டது. அதைப் பார்த்து எனக்கும் கொட்டாவி வந்தது. கொட்டாவி விட்டு முடித்தபோது கதையில் எந்த இடத்தில் நின்றேன் என்று தெரியவில்லை, குழாயடியிலிருந்து ஒருத்தி எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. அவ்வளவு நாள் பத்திரமாக வைத்திருந்த சாமான்.

சௌந்தரிக்கு ஒன்பது முடிந்து நாள் நெருங்கிவிட்டது. படியிறங்க முடியாமல் இளங்குமரன் அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தான். அன்று ஆட்டுரலில் அவன் சட்டையையே வைத்திருந்தேன், அவன் பனியனோடு நின்றான். நான் கதையைத் தொடங்கினேன். சுவரிலிருந்து ஒரே ஒரு பொருக்கு உதிர்ந்தது, மெதுவாக வந்து சட்டைக் காலரில் உட்கார்ந்தது, கொஞ்ச நேரம் இருந்தது, வந்த வழியே திரும்பிப் போய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டது.

"அப்பா, நிறுத்தாதீங்க, சொல்லிக்கிட்டே இருங்க" என்றாள் சௌந்தரி.

நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவள் என் காலைத் தாண்டி வலது காலை உள்ளே வைத்தாள். தரை லேசாகச் சிவந்தது, அவ்வளவுதான். அவளுக்குப் பின்னால் அவன் வைத்தான். முற்றம் அடித்தொண்டையைக் கனைத்தது, ஓடுகள் ஒரு முறை குலுங்கின, காம்பவுண்டு ஒற்றைத் தும்மல் தும்மியது. இரண்டு பேர் தலையிலும் அரிசி போட்டமாதிரி வெள்ளைத் தூசி. பொன்னுத்தாய் ஆரத்தித் தட்டைத் தேடவில்லை, மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டைப் பார்த்துப் போனாள். கீல் வீங்கிய கதவை மருமகன் தோளால் இடித்துத் திறந்தான். எனக்கு அன்றைக்கு மாடு வரைக்கும் போகவே தேவைப்படவில்லை.

எல்லோரும் உள்ளே போனபின் நானும் எழுந்து பின்னால் போனேன். தூக்கித் தெருவில் எறிந்துவிட்டது.

ஜெசிந்தா வந்து பார்த்தாள். தினமும் காட்டியது எதுவோ அதை மட்டும் ஒத்துக்கொண்டிருக்கிறது, மருமகன் முழுசாகப் பழகிவிட்டார், உங்களில் வலது காலும் வலது கையும்தான் பழகியிருக்கின்றன என்றாள். மிச்சத்தை யாராவது கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டித்தான் பழக்க வேண்டும், வீட்டில் உங்களோடு நெருங்கியவர் வைத்தால் சீக்கிரம் ஆகும், மனதில் கோபம் இருந்தால் மட்டும் கெட்டது. பொன்னுத்தாயைக் கூப்பிட்டு என் பனியன் நூலைக் கொடுத்தார்கள். அவள் அதை விரலில் சுற்றிக்கொண்டு ஆட்டுரலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நீங்க வச்சிருந்தது மூணு வருசக் கோபம். என்கிட்ட இருக்கிறது முப்பது வருசக் கோபம். நான் இதை வச்சா நீங்க வைகையத் தாண்டித்தான் போய் விழுவீங்க. நீங்களே தினம் கொஞ்சம் கொஞ்சமா நகர்ந்து வாங்க. எனக்கு அடுப்புல வேலை இருக்கு."

ஆண் பிள்ளை. ஆஸ்பத்திரியில் பெற்று, இந்தக் கேட் வழியாகவேதான் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வயிற்றுக்குள் இருந்தபோதே உள்ளே வந்துவிட்டவன் என்பதால் காம்பவுண்டு அவனை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை, ஆரம்பத்திலிருந்தே அங்கே இருந்தவனைப் போல விட்டுவிட்டது. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவதற்குப் பிள்ளையை நீட்டிய காலில் போட வேண்டும். பொன்னுத்தாய்க்கு மூட்டு வலி, சௌந்தரிக்குப் பச்சை உடம்பு, சம்மணம் போட்டுப் பழகிய மருமகனுக்குக் கால் நீட்டத் தெரியவில்லை. கேட்டடியில் ஒரு கால் உள்ளே நீட்டியபடி சும்மாதான் கிடக்கிறது என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது.

இப்போது காலை வெயில் வந்ததும் கட்டையில் உட்கார்ந்து வலது காலை நீட்டிவிடுவேன். பிள்ளையைக் கொண்டுவந்து அதன்மேல் குப்புறப் போடுவார்கள். பாதி உடம்பு தெருவில் இருக்க, பஸ்காரன் ஹாரன் அடிக்க, நான் உள்ளங்கையில் நல்லெண்ணெயை விட்டு அவன் முதுகில் தேய்ப்பேன். அவன் என் கணுக்காலைக் கவ்விக்கொண்டு கத்துவான். இன்றைக்கு இடது கால் கட்டைவிரலையும் உள்ளே வைத்துப் பார்த்தேன், அரிப்பு தாங்கக்கூடியதாக இருந்தது. இளங்குமரன் உள்ளேயிருந்து டீ கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தான். "சூடா இருக்கு மாமா, பார்த்துக் குடிங்க" என்றான். நானும் "சரி" என்றேன். சர்க்கரை கம்மி. குடித்துவிட்டேன், ஆனால் கம்மிதான்.